கணினிக்குள் கோப்பு தேடும் மென்பொருள்: வசதிக்காக எவ்வளவு அந்தரங்கத்தைக் கொடுக்கலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

என் கணினியில் என் கோப்பைத் தேடுகிறேன். இதில் அந்தரங்கம் எங்கே வந்தது?

தேடுவதற்காக முன்கூட்டியே செய்து வைக்கும் வேலையில் வந்தது. ஒரு சொல்லைத் தட்டியதும் அரை நொடியில் பதில் வருகிறதென்றால், மென்பொருள் அந்த அரை நொடியில் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கணினி சும்மா இருந்த நேரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் இண்டெக்ஸ்.

சங்க நூல்களுக்குச் சொல்லடைவு இருக்கிறதல்லவா? ஒரு சொல், அது வரும் பாட்டின் எண், அடியின் எண். மூல நூல் கையில் இல்லாவிட்டாலும், பொறுமையுள்ள ஒருவர் முழுமையான சொல்லடைவை வைத்தே பாட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். கணினிக்குப் பொறுமைக்குக் குறைவே கிடையாது. ஆக, உள்ளடக்கத்தைப் படிக்கும் தேடல் மென்பொருளைப் போட்ட நாளிலிருந்து உங்கள் கடிதங்கள், கணக்குகள், மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரு நகல் உண்டு. அந்த நகல் எங்கே கிடக்கிறது, யாரால் படிக்க முடியும், அதிலிருந்து ஏதாவது வெளியே போகிறதா? கீழே எந்தக் கேள்வியை எடுத்தாலும் கடைசியில் இந்த மூன்றில்தான் வந்து நிற்கும்.

கோப்பின் பெயரை மட்டும் தேடும் மென்பொருளுக்கும் இதே ஆபத்துதானா?

இல்லை, ரொம்பக் குறைவு. விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் 'எவ்ரிதிங்' இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்க்கில், எல்லாக் கோப்புகளின் பெயரையும் விண்டோஸே 'மாஸ்டர் ஃபைல் டேபிள்' என்ற ஒரு பட்டியலில் வைத்திருக்கும். எவ்ரிதிங் நேராக அந்தப் பட்டியலைப் படித்துக்கொள்கிறது. அதனால்தான் லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் சில நொடிகளில் இண்டெக்ஸ் தயார். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை, நீங்கள் கேட்டாலொழிய, அது தொடுவதில்லை.

ஆனால் பெயர் என்பது சாதாரண விஷயமில்லை. 'விவாகரத்து நோட்டீஸ் இரண்டாம் வரைவு' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தால், உள்ளே திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் பழைய இயங்குதளமான யூனிக்ஸின் உலகம் இதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 'லொகேட்' என்ற பழைய கட்டளை, கணினியில் உள்ள கோப்புப் பெயர்களை ஒரே பட்டியலாக வைத்திருந்தது. அதில், ஒருவர் திறக்க அனுமதியில்லாத ஃபோல்டருக்குள் இருக்கும் பெயர்கள்கூட இன்னொருவரின் தேடலில் வந்து நிற்க வாய்ப்பிருந்தது. பிறகுதான் 'எஸ்லொகேட்' வந்து, தேடுபவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக் காட்டத் தொடங்கியது. எவ்ரிதிங்கும் டிஸ்க்கின் பட்டியலை அப்படியே படிப்பதால், ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் மற்றவர்களின் கோப்புப் பெயர்களைக் காட்டிவிடும். தனியாள் கணினியில் இது ஒரு பிரச்சினையே இல்லை.

இண்டெக்ஸ் என் டிஸ்க்கிலேயே இருக்கிறது. இணையத்துக்குப் போகவே இல்லை. அப்புறம் என்ன பயம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பாதி நியாயமும் இருக்கிறது. வெளியே போகாத இண்டெக்ஸ், வெளியே போகும் இண்டெக்ஸைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள விரும்புபவர் பெரும்பாலும் எங்கோ தூரத்தில் உள்ள நிறுவனத்தில் இல்லை. பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீடியோ கூட்டத்தில் என் திரையைப் பகிர்ந்துகொண்டிருந்தேன். திட்ட அறிக்கையைத் திறக்க வேண்டும். ஃபோல்டர் ஃபோல்டராகப் போகச் சோம்பல். தேடல் பெட்டியில் 'ரிப்போ' என்று அடிப்பதற்குள்ளேயே பட்டியல் விரிந்துவிட்டது. முதலில் வந்தது திட்ட அறிக்கை இல்லை. முந்தைய வாரம் டவுன்லோடு செய்த என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பக்கத்திலேயே முன்னோட்டம் வேறு: பெயர், வயது, சர்க்கரை அளவு எல்லாம். பதினோரு பேர் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒருவர் மட்டும் தனியாக, "இனிப்பைக் குறைங்க சார்" என்று செய்தி அனுப்பினார். மென்பொருள் எந்தத் தவறும் செய்யவில்லை. புதிய கோப்பை முதலில் காட்டு என்பது நல்ல விதிதான். அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வேடிக்கை பார்ப்பவரைத் தாண்டி இன்னும் சிலர் இருக்கிறார்கள். லேப்டாப்பைத் திருடுபவர், பழுது பார்க்க வாங்கிக்கொள்பவர், கணினிக்குள் நுழையும் தீய நிரல். இவர்களுக்கு இண்டெக்ஸ் ஒரு வரம். ஆயிரக்கணக்கான கோப்புகளைத் துழாவி எது முக்கியம் என்று கண்டுபிடிக்கும் வேலையை நீங்களே செய்து, வரிசைப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். விண்டோஸ் தேடலின் தரவுத்தளக் கோப்பு டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர்கள் வழக்கமாகத் திறந்து பார்க்கும் ஒன்று. அவர்களால் படிக்க முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும்.

உள்ளூரில் இருப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை உடைந்த ஒரு பழைய கதையும் உண்டு. 2004 அக்டோபரில் கணினிக்குள் தேடும் மென்பொருளான கூகுள் டெஸ்க்டாப் வெளியானது. கணினியில் உள்ள கோப்புகளுக்கான முடிவுகளை, கோப்பிலிருந்து எடுத்த துணுக்கு வரிகளோடு, கூகுளின் இணையத் தேடல் பக்கத்துக்குள்ளேயே சேர்த்துக் காட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தச் சேர்க்கையைப் பயன்படுத்தி வேறொரு இணையதளம் அந்தத் துணுக்கு வரிகளைப் படித்துவிட முடியும் என்று காட்டினார்கள். கூகுள் அதைச் சரிசெய்தது. இண்டெக்ஸ் கணினியைவிட்டு நகரவே இல்லை. காட்டிய இடம் தவறு.

நான் அழித்த கோப்பு தேடலில் வருமா?

நல்ல மென்பொருளில் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கோப்பு போனதைக் கவனித்து, இண்டெக்ஸிலிருந்தும் அதன் வரியை எடுத்துவிடும். ஆனால் 'எடுத்துவிடும்' என்பதற்குத் தரவுத்தளங்களில் பொருள் வேறு. அந்த இடம் காலி என்று குறித்து வைப்பார்கள்; புதிதாக ஏதாவது வந்து மேலே எழுதும்வரை பழைய எழுத்துகள் உள்ளேயே கிடக்கலாம். விண்டோஸின் தேடல் தரவுத்தளம் பல கோப்புகளின் தொடக்கப் பகுதியைச் சுருக்கமாகச் சேமித்து வைப்பதால், கோப்பு போன பிறகும் அதன் முதல் சில வரிகளைத் தடயவியல் கருவிகளால் மீட்க முடிந்திருக்கிறது. ஒரு கடிதத்தின் முதல் சில வரிகளில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: யாருக்கு, யாரிடமிருந்து, எதைப் பற்றி.

கோப்பை அழிப்பதோடு, இண்டெக்ஸையும் ஒருமுறை முழுக்கக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் 'அட்வான்ஸ்டு' போனால் 'ரீபில்டு' பொத்தான் இருக்கும். சில மணி நேரம் விசிறி சத்தம் போடும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் பழைய துகள்கள் டிஸ்க்கில் எங்காவது இருக்கலாம் என்பதால், டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்து, அதாவது கடவுச்சொல்லோ சாவியோ இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, வைப்பதுதான் நிம்மதி.

கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பெட்டகத்துக்குள் கோப்புகளை வைத்திருக்கிறேன். அது போதாதா?

பெட்டகம் பூட்டியிருக்கும்வரை போதும். திறந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வினை. பெட்டகத்தைத் திறந்தால் கணினிக்கு அது இன்னொரு டிரைவ் மாதிரிதான் தெரியும். தேடல் மென்பொருள் தன் கடமையைச் செய்யும்: உள்ளே போய்ப் படித்து, பெட்டகத்துக்கு வெளியே உள்ள தன் இண்டெக்ஸில் எழுதிக்கொள்ளும். நீங்கள் பெட்டகத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். நகல் வெளியே திறந்து கிடக்கும்.

இது கற்பனை இல்லை. 2008இல் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையரும் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், இருப்பதே தெரியாதபடி கோப்புகளை மறைக்கும் ட்ரூகிரிப்ட் மென்பொருளின் வசதியைச் சோதித்தார்கள். பூட்டை அவர்கள் உடைக்கவே இல்லை. விண்டோஸ் தானாக உருவாக்கும் குறுக்குவழிகள், வேர்டு தானாகச் சேமிக்கும் பிரதிகள், கூகுள் டெஸ்க்டாப் எடுத்து வைத்த நகல்கள் ஆகியவையே ரகசியத்தைக் கொட்டிவிட்டன. 2018இல் மேக் கணினிகளிலும் இதே குடும்பத்துப் பிரச்சினை பேசப்பட்டது. மறையாக்கம் செய்த டிரைவில் உள்ள படங்களின் சிறு முன்னோட்டங்கள், மறையாக்கம் இல்லாத இடத்தில் தேங்கிக் கிடந்தன.

எந்த டிரைவ், எந்த இண்டெக்ஸ் என்பதிலும் வித்தியாசம் உண்டு. மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் ஒவ்வொரு டிரைவின் இண்டெக்ஸையும் அந்தந்த டிரைவுக்குள்ளேயே வைக்கிறது. பூட்டிய டிரைவுக்கு இது நல்லது: இண்டெக்ஸும் உள்ளேயே பூட்டப்படும். பூட்டாத டிரைவை யாரிடமாவது கொடுத்தால், மறைந்திருக்கும் ஃபோல்டராக அந்த இண்டெக்ஸும் கூடவே போகும். விண்டோஸில் நீங்கள் எந்த டிரைவைச் சேர்த்தாலும் இண்டெக்ஸ் ஒரே பொது இடத்தில்தான் சேரும். அதனால் விண்டோஸில் பெட்டகம் வைத்திருப்பவர்கள் அந்த டிரைவ் எழுத்தைத் தேடல் பட்டியலிலிருந்து கட்டாயம் விலக்க வேண்டும்.

தேடல் எப்போது கணினியைவிட்டு வெளியே போகிறது?

இரண்டு விதமாகப் போகும். ஒன்று, கோப்பே போவது. 2006 பிப்ரவரியில் வந்த கூகுள் டெஸ்க்டாப் மூன்றாம் பதிப்பில் 'பல கணினிகளில் தேடு' என்று ஒரு வசதி இருந்தது. அலுவலகக் கணினியில் உள்ள கோப்பை வீட்டிலிருந்து தேடலாம். அதற்காகக் கோப்பின் எழுத்துகள் கூகுளின் சர்வருக்குப் போய், 30 நாள் வரை அங்கே இருக்கும். மின்னணு உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு, இந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள் என்று உடனே எச்சரித்தது. அவர்கள் சொன்ன காரணம் தொழில்நுட்பம் சார்ந்ததல்ல, சட்டம் சார்ந்தது: வீட்டில் இருக்கும் காகிதத்துக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, இன்னொருவர் சர்வரில் இருக்கும் அதன் நகலுக்கு அமெரிக்கச் சட்டத்தில் கிடைக்காது. 2011இல் அந்த மென்பொருளே நிறுத்தப்பட்டது. ஆனால் கோப்புகளைத் தானாகக் கிளவுடில் சேர்க்கும் பழக்கம் இன்று எவ்வளவு சாதாரணமாகிவிட்டது பாருங்கள். அன்றைக்கு அவ்வளவு கூச்சல் போட்டது இன்றைக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது விதம், நீங்கள் தட்டும் சொல் போவது. இதைப் பலர் கவனிப்பதில்லை. உபுண்டு என்பது லினக்ஸ் வகை இயங்குதளம். 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10இல், கணினிக்குள் கோப்பு தேடும் பெட்டியில் எதை அடித்தாலும் அது உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அமேசான் பொருள்களும் முடிவில் வரும்படி செய்திருந்தார்கள். கட்டற்ற மென்பொருள் உலகத்திலேயே இப்படியா என்று பெரிய சண்டை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே எழுதினார். 2016இல் வந்த 16.04 பதிப்பில்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது. 2014இல் மேக்கின் யோசெமிட்டி பதிப்பில் ஸ்பாட்லைட்டும், பரிந்துரைகளுக்காகத் தேடும் சொல்லை ஆப்பிளுக்கு அனுப்பத் தொடங்கியது. விண்டோஸின் ஸ்டார்ட் மெனு தேடலில் மைக்ரோசாஃப்டின் இணையத் தேடலான பிங்கின் முடிவுகள் வருவது உங்களுக்கே தெரியும். வர வேண்டுமென்றால் சொல் போக வேண்டும்.

"ஒரு சொல் போனால் என்ன?" என்று கேட்கலாம். 2006இல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல், சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல் சொற்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. வெறும் தேடல் சொற்களை வைத்தே ஒரு பெண்மணியைப் பத்திரிகையாளர்கள் வீடு தேடிப்போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். அது இணையத் தேடல். உங்கள் கணினிக்குள் நீங்கள் தேடும் சொற்கள் அதைவிட நெருக்கமானவை. நண்பர் பெயர், நோயின் பெயர், வழக்கு எண், ராஜினாமா.

மைக்ரோசாஃப்டின் 'ரீகால்' பற்றி என்ன சொல்கிறீர்கள்?

இதுவும் தேடல்தான், ஆனால் கோப்பைத் தாண்டிய தேடல். சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, அதில் உள்ள எழுத்தைப் படித்து வைத்துக்கொள்ளும். 'போன வாரம் எங்கேயோ நீல நிறத்தில் ஒரு அட்டவணை பார்த்தேனே' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும். மறதிக்காரனான எனக்கு ஆசை வராமல் இல்லை.

2024 மே மாதம் அறிவித்தார்கள். அடுத்த சில நாள்களிலேயே பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் போமான்ட் போன்றவர்கள், அந்தப் பதிவுகள் எளிதாகப் படிக்கக்கூடிய சாதாரணத் தரவுத்தளத்தில் கிடப்பதைக் காட்டினார்கள். ஜூனில் வெளியீடு தள்ளிப்போனது. நீங்களாக விரும்பி இயக்கினால்தான் இயங்கும், திறக்க முகமோ விரலோ பின் எண்ணோ காட்ட வேண்டும், பதிவுகள் மறையாக்கம் ஆகும் என்றெல்லாம் மாற்றி, 2025 ஏப்ரலில்தான் பொதுவாக வந்தது. இப்போதைய வடிவம் முதல் வடிவத்தைவிடப் பல மடங்கு மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் தயக்கம் வேறு. கோப்பு என்பது நான் சேமிக்க முடிவெடுத்த ஒன்று. திரையில் வந்து போவது அப்படியில்லை. ஒருவர் எனக்கு அனுப்பிய, தானாக மறையும் செய்தியும் அதில் பதிவாகும். அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? சிக்னல் செயலி 2025 மே மாதம் தன் சாளரத்தை ரீகால் படம் பிடிக்க முடியாதபடி தடுத்தது இதனால்தான். என் கணினியில் நான் இயக்கவில்லை.

திறந்த மூல மென்பொருள் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்பதால், வெளியே எதுவும் போகவில்லை என்று சரிபார்க்க வாய்ப்பு அதிகம். இண்டெக்ஸ் தன்னளவில் பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. லினக்ஸில் நல்ல பெயர் எடுத்த ரெகோல் (மேலே சொன்ன ரீகாலுக்கும் இதற்கும் உறவு கிடையாது, காதில் விழும்போது குழப்பும்) இந்த விஷயத்தில் மிக நேர்மையானது. இண்டெக்ஸை வைத்து ஆவணங்களை ஏறக்குறைய முழுக்க மீட்டுவிடலாம், ரகசியக் கோப்புகள் இருந்தால் அந்த ஃபோல்டரை மற்றவர்கள் திறக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த நேர்மை எல்லாக் கையேட்டிலும் கிடைக்காது.

அலுவலக லேப்டாப்பில் என் சொந்தக் கோப்புகளும் இருக்கின்றன. அவையும் இண்டெக்ஸில் சேருமா?

சேரும். நிர்வாகியால் பார்க்கவும் முடியும். சொந்தக் கோப்பை அங்கே வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு கொடுத்தும் தமிழில் தேடினால் சரியாக வருவதில்லையே?

உண்மைதான், பேரத்தில் நமக்குக் கொஞ்சம் நஷ்டம். பெரும்பாலான தேடல் மென்பொருள்கள் சொல்லின் தொடக்கத்தைத்தான் பொருத்திப் பார்க்கின்றன. 'வீடு' என்று தேடினால் 'வீட்டுக்கு', 'வீட்டில்' எதுவும் வராது. 'வீட்' என்று பாதியில் நிறுத்தினால் வரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால், உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எப்படித் தேடியும் கிடைக்காது. பிடிஎஃப் கோப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பது தனிக் கதை. பெரும்பாலும் தமிழில் எழுதுபவர்கள், உள்ளடக்கத் தேடலால் தங்களுக்கு உண்மையில் எவ்வளவு லாபம் என்று ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு இயக்குவது நல்லது. கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைத்தால் பாதித் தேடல் தேவையே இல்லை.

சரி, எதை எதை மாற்ற வேண்டும்?

விண்டோஸ் 11இல் 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்டு' என்று தேடலுக்கு இரண்டு முறைகள் உண்டு. கிளாசிக்கில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் ஆகியவைதான் இண்டெக்ஸ் ஆகும். என்ஹான்ஸ்டு முழுக் கணினியையும் படிக்கும். கிளாசிக்கிலேயே இருங்கள். விலக்க வேண்டிய ஃபோல்டர்களை அங்கேயே சேர்க்கலாம். 'கிளவுட் கன்டென்ட் சர்ச்' என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள்.

மேக்கில் ஸ்பாட்லைட் செட்டிங்ஸில் 'சர்ச் பிரைவசி' என்ற இடத்தில் ஃபோல்டரை இழுத்துப் போட்டால் அது இண்டெக்ஸ் ஆகாது. அதே பக்கத்தில் பரிந்துரைகளையும் அணைக்கலாம். இன்னொரு சின்ன வழி: ஃபோல்டர் பெயரின் முடிவில் ஒரு புள்ளியும் 'நோஇண்டெக்ஸ்' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் சேர்த்தால் ஸ்பாட்லைட் உள்ளே போகாது.

இவை எல்லாவற்றுக்கும் முன், முழு டிஸ்க் மறையாக்கத்தை இயக்குங்கள். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். கணினி அணைந்திருக்கும்போது திருடுபோனால் கோப்பும் இண்டெக்ஸும் சேர்ந்தே பூட்டிக் கிடக்கும்.

நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பெயர் தேடலுக்கு எவ்ரிதிங், கணினி முழுக்க. உள்ளடக்கத் தேடலுக்கு ஒரே ஒரு ஃபோல்டர்: என் கட்டுரைகளும் வேலைக் குறிப்புகளும். நாளைக்கு அது வெளியே வந்தால், எழுத்துப்பிழைகளுக்காக வெட்கப்படுவேனே தவிர வேறு நஷ்டமில்லை. வங்கி, மருத்துவம், குடும்பம் மூன்றும் தனி டிரைவில், தேடலுக்கு வெளியே. அங்கே ஏதாவது தேவையென்றால் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து கண்ணால்தான் தேடுகிறேன். போன வாரம் ஒரு காப்பீட்டுக் காகிதத்துக்காக இருபது நிமிடம் போனது. கடைசியில் அது 'புதிய ஃபோல்டர் (3)' என்பதற்குள் இருந்தது.